ஹார்ட்வேர் வாலட் எதை வாங்குவது? கீழக்கரை வாசகிக்குப் பதில்

கேள்வி: என் வீட்டுக்காரர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். ஊரில் இருந்தபோது ஒரு எக்ஸ்சேஞ்ச் ஆப்பில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிட்காயினும் எதீரியமும் வாங்கிச் சேர்த்தார். இப்போது மூன்று லட்சத்துக்கு மேல் இருக்கிறது. வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சில் நடந்த திருட்டுக்குப் பிறகு ஆப்பில் விட்டுவைக்கப் பயப்படுகிறார். ஹார்ட்வேர் வாலட் வாங்கி நீயே வீட்டில் வைத்துக்கொள் என்கிறார். என்னிடம் ஆண்ட்ராய்டு போன் மட்டும்தான், லேப்டாப் கிடையாது. தெரிந்த பையன் ஒருவர், ஒரே ஒரு முறை பயன்படுத்தியது என்று சொல்லிப் பாதி விலைக்கு ஒன்று தருகிறார். எங்கள் வீடு கடலுக்குப் பக்கம். கேட், ஃபேன் எல்லாம் துருப்பிடித்துவிடுகிறது. இந்த மெஷின் தாங்குமா? எதை வாங்கலாம்?

பதில்: அந்தப் பாதி விலை வாலட் வேண்டவே வேண்டாம். மற்றதை மெதுவாகப் பேசலாம், இதை மட்டும் இன்றைக்கே சொல்லி அனுப்பிவிடுங்கள். தருகிறவர் நல்ல பையனாகவே இருக்கலாம். அவர் கைக்கு அது எங்கிருந்து வந்தது என்பது உங்களுக்குத் தெரியாதே. 2018-ல் வெளிநாட்டில் ஒருவர் ஆன்லைனில் இன்னொருவரிடமிருந்து லெட்ஜர் வாலட் வாங்கினார். பெட்டிக்குள் சுரண்டிப் பார்க்கும் அட்டை ஒன்று, அதில் 24 சொற்கள். நிறுவனமே கொடுத்தது என்று நம்பி அவற்றையே பயன்படுத்தினார், பணம் மொத்தமும் போனது. 2023-ல் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம், ட்ரெசர் என்ற இன்னொரு கம்பெனி வாலட்டின் போலி ஒன்றைப் பிரித்துப் பார்த்தது. வெளியே அச்சு அசல். உள்ளே சிப்பை மாற்றி, திருடர்கள் முன்கூட்டியே தயார் செய்த சொல் வரிசைகள் இருபதில் ஒன்றையே எடுத்துத் தரும்படி செய்திருந்தார்கள்.

இந்தச் சொற்கள் என்ன என்று முதலில் புரிந்துகொண்டால் உங்கள் மற்ற கேள்விகளுக்கும் பதில் கிடைத்துவிடும். பிட்காயின் அந்த மெஷினுக்குள் இருப்பதில்லை. அது பிளாக்செயின் கணக்கில், உலகம் முழுக்கப் பல கம்ப்யூட்டர்களில் பதிவாகியிருக்கிறது. அதை நகர்த்தும் அதிகாரம் ஒரு ரகசிய எண்ணிடம் இருக்கிறது. ஹார்ட்வேர் வாலட் அந்த எண்ணைத் தனக்குள்ளேயே உருவாக்கி, தனக்குள்ளேயே வைத்துக்கொள்கிறது. காயின் அனுப்பும்போது விவரம் போனிலிருந்து கருவிக்குப் போகும், உள்ளேயே கையெழுத்தாகி, கையெழுத்து மட்டும் வெளியே வரும். ரகசிய எண் வெளியே வராது. அதனால்தான் போனில் வைரஸ் இருந்தாலும் எண்ணைத் திருட முடிவதில்லை.

முதல்முறை கருவியை இயக்கும்போது அந்த எண்ணை மனிதர் எழுதிவைக்கும் வடிவில் 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களாகத் திரையில் காட்டும். போன் தொலைந்தால் அதே நம்பருக்கு வேறு சிம் வாங்குகிறோமே, அதுபோலக் கருவி தொலைந்தால் புதிதாக ஒன்று வாங்கி இந்தச் சொற்களைப் போட்டால் எல்லாம் திரும்ப வந்துவிடும். இங்கே சிம் கொடுக்கும் கம்பெனி கிடையாது, சொற்கள் போனால் போனதுதான். சொற்களை வேறொருவர் பார்த்துவிட்டாலும் அதே கதி. உங்கள் வீட்டுக்கு வரவே வேண்டாம், அவர் இருக்கும் இடத்திலிருந்தே எடுத்துவிடுவார்.

ஆகவே மெஷின் துருப்பிடிக்குமா என்ற கவலையை விடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு ஜிப் கவரில் போட்டு பீரோவில் வையுங்கள், போதும். உப்புக்காற்றில் யுஎஸ்பி வாய் கெட்டே போனாலும் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். சொற்கள் கெடாமல் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் ஊருக்கான கேள்வி.

சரி, எந்தக் கருவி? உங்களுக்கு இரண்டு காயின்தான், ஆண்ட்ராய்டு போன்தான். லெட்ஜர் நானோ எஸ் பிளஸ், ட்ரெசர் சேஃப் 3 இரண்டில் எதை வாங்கினாலும் சரி. இரண்டும் அறிமுகமானபோது 79 டாலர். இரண்டும் டைப்-சி கேபிளில் ஆண்ட்ராய்டு போனோடு வேலை செய்யும். ஓடிஜி வசதி உங்கள் போனில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பென்டிரைவைச் செருகினால் போன் படிக்கிறதா? அப்படியானால் பிரச்சினை இல்லை. புளூடூத் உள்ள விலை கூடிய மாடல்கள் ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு உதவும், உங்களுக்குத் தேவையில்லை.

இரண்டிலும் செக்யூர் எலிமென்ட் என்ற தனிப் பாதுகாப்புச் சிப் உண்டு. பழைய ட்ரெசர் மாடல்களில் அது இல்லை. 2020-ல் கிராக்கன் நிறுவனத்தின் பாதுகாப்பு ஆய்வுக் குழு, அப்படியொரு பழைய கருவி கையில் கிடைத்தால் 15 நிமிடத்தில் ரகசியத்தை எடுத்துவிட முடியும் என்று செய்து காட்டியது. பழைய மாடலை வேண்டாம் என்று சொல்ல இதுவும் ஒரு காரணம். லெட்ஜரில் பின் நம்பரை 3 முறை தப்பாகப் போட்டால் கருவி தனக்குள் இருப்பதை அழித்துவிடும், ட்ரெசரில் இன்னும் சில முறை கூடுதலாக விடும். பிள்ளைகள் விளையாட்டாக அமுக்கி அழித்துவிட்டால் பதற வேண்டாம், சொற்களைப் போட்டால் திரும்பிவிடும்.

இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்றால், வீட்டில் வைத்துக்கொள்ளும் உங்களுக்கு ட்ரெசர் சேஃப் 3 என்பேன். அதன் மென்பொருளை யாரும் திறந்து படித்துப் பார்க்கலாம். ஆனால் தொடங்கும்போது ஒரு கவனம் வேண்டும். ட்ரெசர் இப்போது தானாகவே 20 சொல் முறையைக் கொடுக்கிறது. அது வேறு முறை, லெட்ஜர் போன்ற கருவிகளில் போட முடியாது. நாளைக்கு எந்தக் கம்பெனி கருவி கிடைத்தாலும் திறக்க வேண்டும் என்றால் அமைப்பில் 12 அல்லது 24 சொல்லைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் தொகைக்கு 12 சொல்லே தாராளம்.

வாங்குவது நிறுவனத்தின் சொந்தத் தளத்தில், அல்லது அந்தத் தளத்தில் பெயர் போட்டிருக்கும் விற்பனையாளரிடம் மட்டும். வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கவரி சேரும், அதையும் கணக்கில் வையுங்கள். முகவரி விஷயத்தில் ஒரு சின்ன ஜாக்கிரதை தேவை. 2020-ல் லெட்ஜரின் வாடிக்கையாளர் பட்டியல் கசிந்து, 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் இணையத்தில் வெளியானது. அதன் பிறகு போலி மின்னஞ்சல், போன் அழைப்பு, தபாலில் போலிக் கருவிகூட வந்து சேர்ந்தது. முடிந்தால் உறவினர் கடை முகவரிக்கு வரவழையுங்கள், தனி மின்னஞ்சல் கொடுங்கள். கம்பெனியிலிருந்து பேசுகிறோம், சொற்களைச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் திருட்டுத்தான். எந்தக் கம்பெனியும் கேட்காது.

இனி சொற்களுக்கு வருவோம். கருவி காட்டும்போது பால் பாயின்ட் பேனாவால் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஜெல் பேனா வேண்டாம், ஈரம் பட்டால் மை பரவும். போட்டோ எடுக்காதீர்கள். எடுத்தால் கூகுள் போட்டோஸ் அதைத் தானாக இணையத்தில் ஏற்றிவிடக்கூடும். 2025 பிப்ரவரியில் ஸ்பார்க்கேட் என்றொரு வைரஸைக் காஸ்பர்ஸ்கி கண்டுபிடித்தது. அது போன் கேலரியில் உள்ள படங்களில் எழுத்தைப் படித்து, இந்தச் சொற்களைத் தேடி எடுக்கும்படி எழுதப்பட்டது. பிளே ஸ்டோரில் இருந்த ஆப்களுக்குள்ளேயே அது ஒளிந்திருந்தது. ஷார்ஜாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாமே என்று தோன்றும், அவரும் கேட்பார். கூடாது. இருப்பைப் பார்ப்பதற்கு அவருக்குச் சொற்கள் தேவையே இல்லை. வாலட் முகவரியைக் கொடுத்தால் அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம், எடுக்க மட்டும் முடியாது. ஜெராக்ஸ் கடை, லேமினேஷன் கடை வாசலையும் மிதிக்க வேண்டாம்.

காகிதம் மட்டும் உங்கள் ஊருக்குப் போதாது. 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். வெள்ளம், கரையான், உப்பு ஈரம் மூன்றையும் தாங்க எவர்சில்வர் தகடு வேண்டும். அதிலும் சாதாரணப் பாத்திர ரகம் 304. கடல் காற்றில் அதில் பழுப்புப் புள்ளிகள் விழும். 316 என்ற ரகத்தில் மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்புக்கு அதிகம் தாங்கும். விசைப்படகுச் சாமான் விற்கும் கடையிலோ லேத் பட்டறையிலோ கேளுங்கள். காந்தம் வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது, பில்லில் 316 என்று எழுதி வாங்குங்கள். இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் உள்ளங்கை அளவுத் துண்டு இரண்டு போதும்.

கல்யாணச் சாமானில் பேர் வெட்டித் தருகிறவரிடம் கொடுத்தால் அழகாக வெட்டித் தருவார். அதைத்தான் செய்யக் கூடாது. ஹார்ட்வேர் கடையில் ஆங்கில எழுத்துப் பஞ்ச் செட்டும் எண் பஞ்ச் செட்டும் கிடைக்கும். தகட்டை இரும்புக் கட்டையின் மேல் வைத்து, பஞ்சை நேராகப் பிடித்து, கனமான சுத்தியலால் ஒரே அடி. தயங்கி இரண்டாவது அடி போட்டால் எழுத்து இரட்டையாகத் தெரியும். அந்தச் சொல் பட்டியலில் 2,048 சொற்கள் இருக்கின்றன, எந்த இரண்டுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது. அதனால் சொல்லுக்கு நான்கு எழுத்து வெட்டினாலே போதும், 12 சொல்லுக்கு எழுத்து மட்டும் அதிகபட்சம் 48 அடிதான். மூன்றெழுத்துச் சொல் வந்தால் மூன்றோடு நிறுத்துங்கள். முன்னால் வரிசை எண் கட்டாயம், வரிசை மாறினால் வாலட் திறக்காது. முதலில் ஒரு பழைய தகட்டில் அடித்துக் கை பழகிக்கொள்ளுங்கள்.

ஒரு தகடு வீட்டில். இன்னொன்று கடலிலிருந்து தள்ளி, பரமக்குடியிலோ மதுரையிலோ நெருங்கிய சொந்தத்தில் ஒருவரிடம் ஒட்டிய கவரில், அல்லது ராமநாதபுரத்தில் பேங்க் லாக்கரில். சொற்களைப் பாதிப் பாதியாகப் பிரித்து வைக்கச் சிலர் சொல்வார்கள். வேண்டாம், ஒரு பாதி தொலைந்தால் முழுவதும் தொலைந்தது. இந்தச் சொற்களோடு கூடுதலாக நாமே ஒரு கடவுச்சொல் சேர்க்கும் வசதியும் உண்டு. பெருந்தொகை வைத்திருப்பவருக்கு அது நல்லது. உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். திருட்டைவிட மறதியால் இழக்கும் ஆபத்துதான் உங்கள் வீட்டில் அதிகம்.

இந்தக் கருவி எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள எதீரியம் திருடு போனது. அங்கே கையெழுத்துப் போட்டவர்கள் கையில் ஹார்ட்வேர் வாலட் இருந்தது. கம்ப்யூட்டர் திரையில் தெரிந்த விவரத்தைத் திருடர்கள் மாற்றியிருந்தார்கள், கருவித் திரையில் வந்தது படித்துப் புரிந்துகொள்ள முடியாத குறியீடு. சரி என்று அமுக்கிவிட்டார்கள். உங்களுக்கு அதிலிருந்து வேண்டியது இதுதான்: போன் திரையை நம்பாமல் கருவியின் திரையில் முகவரியையும் தொகையையும் எழுத்தெழுத்தாகப் படித்த பிறகே அமுக்குங்கள். புரியாதது வந்தால் மறுத்துவிடுங்கள். இலவசக் காயின் தருகிறோம் என்று கூப்பிடும் எந்தத் தளத்திலும் இதை இணைக்காதீர்கள்.

காயினை மாற்றும் முன் ஒன்று பாருங்கள். உங்கள் எக்ஸ்சேஞ்ச் காயினை வெளியே அனுப்ப விடுகிறதா? ரூபாயாக மட்டுமே எடுக்கவிடும் ஆப்களும் இருக்கின்றன. அப்படியென்றால் விற்று வேறு இடத்தில் வாங்க வேண்டியிருக்கும், லாபத்துக்கு 30 சதவீத வரி விழும். வெளியே அனுப்ப முடிந்தால், தன் கணக்கிலிருந்து தன் வாலட்டுக்கு மாற்றுவது விற்பனை ஆகாது. ஆனாலும் வாங்கிய தேதி, விலை, 1 சதவீத டிடிஎஸ் பிடித்த விவரம் எல்லாவற்றையும் ஆப்பிலிருந்து இப்போதே டவுன்லோடு செய்துவிடுங்கள். பின்னால் விற்கும்போது வருமான வரிக் கணக்கில் காட்ட அவைதான் ஆதாரம்.

அவர் அடுத்து விடுப்பில் வரும்போது இருவரும் சேர்ந்து செய்யுங்கள். ஓடிபி அவர் நம்பருக்குத்தான் வரும். முதலில் குறைந்த அளவு பிட்காயினை மட்டும் அனுப்புங்கள். வந்து சேர்ந்ததும் கருவிக்குள் இருப்பதை நீங்களே வேண்டுமென்று அழித்துவிடுங்கள். அப்புறம் காகிதத்தைத் தொடாமல், தகட்டைப் பார்த்தே சொற்களைப் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். இருப்பு அப்படியே தெரிந்தால் தகட்டில் பிழையில்லை. இதை அவர் ஒரு முறை, நீங்கள் ஒரு முறை, தனித்தனியாகச் செய்து பாருங்கள். ஒருவருக்கு ஏதாவது ஆனால் மற்றவர் திறக்க முடிய வேண்டும், இதில் நாமினி என்று யாரும் கிடையாது. தகடுகள் எங்கே இருக்கின்றன, எந்தக் கருவி, யாரிடம் உதவி கேட்பது என்று ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள், சொற்களை அதில் எழுதாமல். அந்தச் சோதனை இருவர் கையிலும் சரியாக வந்த பிறகு மீதியை அனுப்புங்கள். பிட்காயினைப் பிட்காயின் நெட்வொர்க்கிலும், எதீரியத்தை எதீரியம் நெட்வொர்க்கிலும்தான். எக்ஸ்சேஞ்ச் காட்டும் பட்டியலில் கட்டணம் குறைவாக இருக்கிறதே என்று வேறு நெட்வொர்க்கைத் தொடாதீர்கள்.