மச்சானுக்குப் போனில் சொல்ல வருகிற பெயரா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: அண்ணே, வணக்கம். நானும் என் மச்சானும் சேர்ந்து புதுச்சேரி அரியாங்குப்பத்தில் இடம் பிடித்திருக்கிறோம். கீழே குடும்பத்தோடு வந்து சாப்பிடுகிற மாதிரி ஓட்டல், மாடியில் பார். உரிமம் வேலையெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது, பெயரில்தான் சண்டை. மச்சானுக்கு 'லா மேர்' என்று பிரெஞ்சில் வைக்க ஆசை. எனக்கு அம்மா பெயர் வைக்கணும், அன்னபூரணி. நடுவில் ஜோசியர் வேறு, எந்தப் பெயர் வைத்தாலும் ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரு 'ஏ' கூடப் போடு என்கிறார். நீங்களே சொல்லுங்கள்.

பதில்: தம்பி, முதலில் அம்மாவை விட்டுவிடுவோம். அன்னபூரணி சோறு போடுகிற தெய்வம், அவள் பெயரை மாடியில் குவார்ட்டர் ஓடுகிற கட்டடத்தின் நெற்றியில் எழுதினால் தெருவில் ஒருவராவது சண்டைக்கு வருவார். முனியாண்டி பெயரில் ஊர் ஊராக அசைவ ஓட்டல் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. திருமங்கலம் பக்கத்து வடக்கம்பட்டிக்காரர்கள் ஆரம்பித்து வைத்தது, தை மாதத் திருவிழாவில் சாமிக்கே பிரியாணிதான் படையல். அது கறிச்சோறு விற்கிற கடை, குலசாமியைக் கும்பிட்டுக் கல்லாவைத் திறக்கிறவர்கள், யாரும் குறை சொன்னதில்லை. (காவல் தெய்வத்துக்குச் சாராயமும் சுருட்டும் வைக்கிற நாம்தான் பார் போர்டில் சாமி பெயரைப் பார்த்தால் கொதிக்கிறோம், அது வேறு கதை.) மகாராஷ்டிர அமைச்சரவை 2022 ஜனவரியில், மது விற்கிற கடைகளுக்குப் பெரிய தலைவர்கள் பெயரும் கோட்டைகள் பெயரும் வைக்கக் கூடாது என்று முடிவெடுத்தது. இங்கேயும் அப்படி ஒரு கோரிக்கை எழ அதிக நேரம் ஆகாது. தவிர கோயம்புத்தூரில் அன்னபூர்ணா என்று பல வருஷப் பேர் பெற்ற சைவ ஓட்டல் இருக்கிறது. ஓர் எழுத்தை மாற்றிவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், வணிகக்குறி (டிரேட்மார்க்) விஷயத்தில் காதுக்கு ஒன்றாகக் கேட்டாலே வம்புதான்.

மச்சானுடைய 'லா மேர்'. புதுச்சேரியின் பழைய பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்தில் ஒரு தெருவில் நடந்து பாருங்கள், லே, லா இல்லாத கடையை எண்ணிவிடலாம். அந்த மஞ்சள் சுவர்களுக்கு நடுவில் அது எடுபடும். உங்கள் அரியாங்குப்பத்துக் கடலூர் சாலையில், பஸ் ஹாரனுக்கும் டயர் கடைக்கும் நடுவில் 'கடல்' என்று பிரெஞ்சில் எழுதி வைத்தால், சனிக்கிழமை பெங்களூரிலிருந்து வருகிறவன் கடல் எங்கே என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவான். உள்ளூர்க்காரனோ அந்தப் பெயரைச் சொல்லவே மாட்டான். 'ஆத்துப் பாலம் தாண்டி மாடியில ஒரு பார்' என்பான், அதுவே நிலைத்துவிடும். நீங்கள் வைக்கிற பெயரை ஊர் மாற்றிக் கூப்பிடுகிறது என்றால், பெரும்பாலும் வைத்தது வாய்க்கு வராத பெயர் என்று அர்த்தம்.

பெயருக்கு நான் வைக்கிற பரீட்சை ரொம்பச் சாதாரணமானது. இரைச்சலான இடத்தில் நின்றுகொண்டு ஒருவன் மச்சானுக்குப் போன் போட்டு 'டேய், இங்க வந்துடு' என்று பெயரைச் சொல்ல வேண்டும், அந்தப் பக்கம் 'என்னது?' என்று கேட்கக் கூடாது. அதே பெயரை அவன் வீட்டில் பெண்டாட்டியிடமும் சொல்ல முடிய வேண்டும். நம் ஊரில் பாருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்புகிற ஆள் எத்தனை பேர்? 'போதை', 'கிக்கு' மாதிரி பெயர் வைத்தால் கீழ்த்தளத்து மீன் குழம்புக்கும் சேர்த்து ஆள் வராது. அப்புறம் ஆங்கில எழுத்து. வெளியூர்க்காரர்கள் மேப்பில் தட்டித்தான் வருவார்கள், அதனால் 'ழ' இருக்கிற அழகான பெயர்களெல்லாம் கஷ்டம். யாழ், தாழை, கழனி எல்லாம் எனக்கும் பிடிக்கும். ஆனால் தமிழ் தெரியாதவன் அதை எப்படித் தட்டுவான்? ஜோசியர் சொல்கிற அந்தக் கூடுதல் 'ஏ'வும் இதே கேஸ்தான். ஓர் எழுத்து கூடினால் தேடுகிறவன் கையில் நீங்கள் அகப்பட மாட்டீர்கள், பக்கத்துக் கடைக்காரர் அகப்படுவார். மனசு கேட்கவில்லை என்றால் கல்லாப்பெட்டிக்கு உள்பக்கம் அவர் சொன்னபடி எழுதி ஒட்டிக்கொள்ளுங்கள்.

சரி, என்னதான் வைப்பது? உங்கள் ஊரைவிட்டு நீங்கள் வெளியே போகவே வேண்டாம். அரியாங்குப்பம் ஆற்றங்கரையில்தானே அரிக்கமேடு இருக்கிறது! 1945-ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது ரோமானிய மது வந்த ஜாடிகளின் உடைசல்கள் அங்கே கிடைத்தன. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்து, அடிப்பக்கம் கூராக முடிகிற நீள ஜாடி, கப்பலில் அடுக்கிக் கொண்டுவருவதற்கென்றே செய்தது. யவனர் கொண்டுவந்த தேறலை, அதாவது மதுவை, புறநானூறே பாடுகிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே வெளிநாட்டுச் சரக்கு வந்து இறங்கிய ஊரில் பார் திறக்கிற நீங்கள் பிரெஞ்சுக்காரனிடம் போய்ப் பெயர் கடன் வாங்குகிறீர்கள்.

என் யோசனை 'ஜாடி'. இரண்டே எழுத்து, போனில் தப்பாகக் கேட்காது, பெங்களூர்க்காரனுக்கும் வாயில் நுழையும். மாடிக்கு அது மது ஜாடி, கீழே அதுவே ஊறுகாய் ஜாடி, அம்மாவும் முகம் சுளிக்க மாட்டார். போர்டில் படம் போட ஆர்ட்டிஸ்டுக்கும் வேலை மிச்சம், அந்த இரண்டு கைப்பிடி ஜாடியை வரைந்தால் போதும். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுப் பொருள்களை வைத்திருக்கிறார்கள், மச்சானைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். ஜாடிக்கேத்த மூடி என்று உங்கள் இருவரையும் ஊர் கிண்டல் செய்யும், செய்யட்டும், அதுவும் விளம்பரம்தான். மதுவுக்குத் தொலைக்காட்சி விளம்பரம் 1994 கேபிள் விதிகளிலேயே தடை, அதனால் உங்களைப் போன்ற கடைக்குப் பெயரும் பலகையும் வாய்ப்பேச்சும்தான் கை கொடுக்கும்.

பெயரை முடிவு செய்த அன்றைக்கே போர்டு அடிக்க ஓடாதீர்கள். வணிகக்குறிப் பதிவேட்டின் இணையதளத்தில் காசு கட்டாமல் தேடலாம், எழுத்தாகவும் ஒலியாகவும் இரண்டு விதமாகத் தேடுங்கள். உணவும் பானமும் பரிமாறுகிற சேவைக்கு வகுப்பு 43. வேறு யாரும் வைத்திருக்கவில்லை என்றால் விண்ணப்பித்துவிடுங்கள். இணையத்தில் போட்டால் தனி நபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பதிவானால் 10 வருஷம் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். மதுக்கடை உரிமம், உணவுப் பாதுகாப்பு உரிமம், ஜிஎஸ்டி, வங்கிக் கணக்கு என்று எல்லாவற்றிலும் கடைப் பெயரை ஒரே மாதிரி எழுதுங்கள், ஒன்றில் 'டி' இன்னொன்றில் 'டீ' என்று இருந்தால் பின்னால் அலைச்சல். பலகையில் தமிழை ஓரத்தில் ஒண்ட வைக்காதீர்கள். கடைகளில் தமிழ்ப் பலகை கட்டாயம் என்று உங்கள் முதல்வரே 2025 மார்ச்சில் சட்டப்பேரவையில் சொல்லியிருக்கிறார்.

கேள்வி: ஐயா, தாத்தா காலத்திலிருந்து எங்கள் மெஸ் அவர் பெயரில் நடக்கிறது. இப்போது சித்தப்பா மகனும் அதே பெயரில் பக்கத்து ஊரில் ஆரம்பித்துவிட்டார். முதலில் பதிவு செய்தவருக்குத்தான் பெயர் சொந்தம் என்கிறார்கள், உண்மையா?

பதில்: முழு உண்மை இல்லை. 1999-ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு, பதிவுக்கு முன்பிருந்தே தொடர்ந்து பயன்படுத்தி வருகிறவருக்குப் பாதுகாப்பு தருகிறது. ஆனால் பயன்படுத்தினோம் என்று காட்ட வேண்டுமே! பரணில் கிடக்கிற பழைய பில் புத்தகம், நகராட்சி ரசீது, திறப்பு விழா அழைப்பிதழ், மாலை போட்ட தாத்தா போர்டுக்குக் கீழே நிற்கிற போட்டோ எல்லாவற்றையும் இன்றைக்கே இறக்கித் தூசு தட்டி வையுங்கள். பங்காளி என்பதால் இன்னொரு சிக்கல், சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துகிறவரைத் தடுக்க முடியாது என்று அடுத்த பிரிவு சொல்கிறது. தாத்தா பெயர் அவருடைய சொந்தப் பெயரா என்று வக்கீல்கள் மணிக்கணக்கில் பேசுவார்கள், பில் உங்களுக்கு வரும்.

திண்டுக்கல்லில் 1957-ல் நாகசாமி நாயுடு ஆரம்பித்த கடையின் போர்டில் ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல் என்றுதான் இருந்தது. அவர் தலைப்பாகை கட்டியிருப்பார், ஜனங்கள் தலப்பாகட்டி கடை என்றார்கள், ஆனந்த விலாஸ் பின்னால் போய்விட்டது. பிறகு அந்தப் பெயருக்காகவே வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. போர்டில் இல்லாத பெயர்தான் சொத்தாக முடிந்தது, பார்த்தீர்களா. உங்கள் மெஸ்ஸுக்கும் ஊரில் ஒரு செல்லப்பெயர் இருக்கும், இல்லாமல் இருக்காது. கல்லாவில் உட்கார்ந்தபடி காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள், அதையும் தாத்தா பெயரையும் சேர்த்து ஒரே குறியாக விண்ணப்பியுங்கள். சித்தப்பா மகனுக்கு அந்தச் செல்லப்பெயர் கிடைக்காது.

கேள்வி: 'ஃபேமிலி ரெஸ்டாரன்ட் அண்டு பார்' என்று போர்டு வைத்தால் குடும்பங்கள் வருமா, வராதா?

பதில்: போர்டைப் பார்த்து யாரும் திரும்பிப் போவதில்லை, மாடிப்படியைப் பார்த்துத்தான் போகிறார்கள். சாப்பாட்டு மேசைகளுக்கு நடுவில் புகுந்துதான் பாருக்கு ஏற வேண்டும் என்றால் 'ஃபேமிலி' என்று எத்தனை பெரிய எழுத்தில் எழுதினாலும் வீண். படியைப் பக்கவாட்டுச் சந்துப் பக்கம் திருப்புங்கள், அங்கே ஒரு சின்னப் பலகை போதும்.