1920, 30களில் வந்த கறுப்பு வெள்ளைப் பேய்ப் படங்களை இப்போது பார்த்தால் பயம் வருமா? நீங்கள் பார்த்தவற்றுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீர்கள்? எதில் தொடங்கலாம்?

வரும். ஆனால் கதவு படாரென்று திறக்க, கூடவே ஸ்பீக்கர் அலற, உட்கார்ந்த இடத்திலேயே தூக்கிவாரிப் போடுமே, அந்தப் பயத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அதற்கு மட்டும்தான் மார்க் என்றால் முக்கால்வாசிப் படங்கள் பாஸ் மார்க்கூட வாங்காது. நடிப்பு மிகை, செட்டு அட்டை, மேக்கப் அப்பட்டமாகத் தெரிகிறது என்று பத்தே நிமிடத்தில் அணைத்துவிடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் சொல்கிற மூன்றும் உண்மை. அவற்றைக் குறையாக எண்ணுவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

நான் வேலூர்க்காரன். பழைய வட ஆற்காடு முழுக்கவே கூத்து மண். புரிசை, செய்யாறு பக்கமெல்லாம் இன்று திருவண்ணாமலை மாவட்டம் என்றாலும் 1989 வரை எல்லாம் ஒன்றாகத்தான் இருந்தது. கூத்தில் ஒரு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டால் அதுதான் துரியோதனன் சிம்மாசனம். விடிய விடிய உட்கார்ந்திருக்கும் ஊரில் ஒருத்தரும் ‘இது பெஞ்சாச்சே’ என்று கேட்டதில்லை. மகா சிவராத்திரி கழிந்த அமாவாசையில் பாலாற்றங்கரைக்கு மயானக் கொள்ளை பார்க்கப் போனவர்களுக்கு நான் சொல்ல வருவது இன்னும் சுலபமாகப் புரியும். காளி வேஷம் கட்டியிருப்பது எதிர்வீட்டு அண்ணன் என்று தெரியும். முகத்தில் இருப்பது சாயம் என்றும் தெரியும். எல்லாம் தெரிந்தும் அவர் நம் பக்கம் திரும்பினால் கால் தானாக ஓரடி பின்னால் போகும். அந்தக் காலப் பேய்ப் படங்கள் தருவதும் இதே பயத்தைத்தான். நான் மார்க் போடுவதும் அதற்குத்தான்.

எங்கள் வீட்டில் இந்தப் படங்களுக்கு மூன்று பேர் கொண்ட ரசிகர் மன்றம் உண்டு. நான், அண்ணன் மகன், அணைக்கட்டுப் பக்கத்துக் கிராமத்தில் கூத்துப் பார்த்தே வளர்ந்த என் அத்தை. கோடையில் வேலூர் வீடுகள் ராத்திரி பத்து மணிக்கும் அனல் கக்கும் என்பதால் மொட்டை மாடியில் லேப்டாப்பை வைத்துப் பார்ப்போம். பேசாப் படங்களில் இடையிடையே வரும் எழுத்து அட்டைகளை அத்தைக்காக நான் தமிழில் சொல்லிக்கொண்டே போவேன்.

முதலில் ‘தி கேபினட் ஆஃப் டாக்டர் காலிகாரி’. 1920, ஜெர்மனி, இயக்கம் ராபர்ட் வீனே. கோணல் ஜன்னல், சாய்ந்த சுவர், தூரிகையாலேயே தரையிலும் சுவரிலும் தீட்டிவைத்த நிழல் என்று உலகமே ஒரு திரைச்சீலை. பெட்டிக்குள் நின்றபடியே தூங்கும் செசாரேவைச் சந்தையில் காட்சிக்கு வைக்கிறான் காலிகாரி. ‘எழுந்திரு’ என்கிறான். கேமரா முகத்தருகே போய் நிற்கிறது. இமை துடிக்கிறது, உதடு அசைகிறது, கண் உடனே திறப்பதில்லை. திறந்ததும் மை தீட்டிய அந்த இரண்டு கண்ணும் நேராக நம்மைப் பார்க்கின்றன. அத்தை சொன்னார்: “இது கூத்துதாண்டா. இன்னாமா மையி தீட்டிக்கினு வரான் பாரு.” இதைவிட நல்ல விமர்சனத்தை இந்தப் படத்துக்கு நான் படித்ததில்லை. செசாரேவாக நடித்த கான்ராட் வைட், நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டே போனவர். பிறகு ஹாலிவுட்டின் ‘காசாபிளாங்கா’வில் அவருக்குக் கிடைத்தது நாஜி அதிகாரி வேடம்! என் மார்க் 9.

அடுத்து 1922-ல் எஃப். டபிள்யூ. முர்னாவ் எடுத்த ‘நாஸ்ஃபெராட்டு’. இதைப் பார்க்கும் முன் எந்தப் பிரதி என்று கவனிப்பது முக்கியம். நாங்கள் முதலில் பார்த்தது வெறும் கறுப்பு வெள்ளைப் பிரதி. ரத்தக்காட்டேரி ஓர்லாக் தன் சவப்பெட்டியைத் தானே சுமந்துகொண்டு ஊருக்குள் நடக்கிறது. நிழல் விழுகிற அளவுக்கு வெளிச்சம். அண்ணன் மகன் சிரித்துவிட்டான்: “இன்னா சித்தப்பா, பேயி பட்டப்பகல்ல பொட்டியத் தூக்கிக்கினு போவுது?”

அவன் கேட்டது சரியான கேள்வி. அன்றைய ஃபிலிமுக்கு இருட்டில் படம் பிடிக்கிற சக்தி குறைவு. அதனால் ராத்திரிக் காட்சிகளைப் பகலிலேயே எடுத்துவிட்டு, பிரதியில் அந்தப் பகுதிக்கு நீலச் சாயம் ஏற்றுவார்கள். நீலம் என்றால் ராத்திரி, மஞ்சள் என்றால் விளக்கு வெளிச்சம் என்று அன்றைய ரசிகர்களுக்குத் தெரியும். சாயம் போன பிரதியில் பார்த்தால் இந்தக் கதையே கவிழ்ந்துவிடும். ஏனென்றால் வெயில் பட்டதும் ரத்தக்காட்டேரி செத்துப்போகும் என்பதைத் திரைக்குக் கொண்டுவந்ததே இந்தப் படம்தான். இந்தப் படத்துக்கு மூலமான பிராம் ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான். சூரியன் பட்டுச் சாக வேண்டியவன் படம் முழுக்க வெயிலில் திரிந்தால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? சாயத்தோடு சீரமைக்கப்பட்ட பிரதி இணையத்திலேயே கிடைக்கிறது. அதில் மறுபடி பார்த்தபோது, கப்பலின் அடித்தளத்தில் ஓர்லாக் பலகை மாதிரி விறைப்பாக எழும் இடத்தில் பையன் வாயே திறக்கவில்லை.

இந்தப் படம் நமக்குக் கிடைத்ததே அதிசயம். நாவலின் உரிமையை வாங்காமல் பெயர்களை மட்டும் மாற்றி எடுத்துவிட்டார்கள். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு ஜெயித்தார். பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொல்லி 1925-ல் தீர்ப்பு. தப்பிப் பிழைத்த பிரதிகளின் வாரிசைத்தான் இன்று பார்க்கிறோம். 8 மார்க். நடுவில் கொஞ்சம் இழுவை.

பிரதி பற்றிப் பேசும்போதே இன்னொன்று. பேசாப் படங்களைக் கையால் சுழற்றும் கேமராவில் எடுத்தார்கள். நொடிக்கு 16, 18, 20 பிரேம் என்று வேகம் கூடும், குறையும். பேசும் படம் வந்த பிறகுதான் 24 என்று நிலைத்தது. பழையதை அப்படியே 24-ல் ஓட்டினால் எல்லாரும் குடுகுடுவென ஓடுவார்கள், சோகக் காட்சிகூடக் காமெடியாகிவிடும். பின்னணி இசையும் ஏற்றியவர் இஷ்டம்தான். சகிக்கவில்லை என்றால் தயங்காமல் மியூட் செய்துவிடுங்கள்.

எங்கள் மாடியில் அதிகம் ஆட்டிவைத்த படம் இது இரண்டும் இல்லை. விக்டர் ஷோஸ்ட்ரோம் என்ற சுவீடன்காரர் இயக்கி, அவரே நாயகனாகவும் நடித்து 1921-ல் வந்த ‘தி ஃபேண்டம் கேரேஜ்’. வருஷக் கடைசி ராத்திரி, பன்னிரண்டு அடிக்கும் நேரத்தில் கடைசியாகச் சாகிறவன் அடுத்த வருஷம் முழுக்க எமனின் வண்டியை ஓட்டி உயிர்களைப் பொறுக்க வேண்டும். வண்டியும் குதிரையும் கண்ணாடி போல ஊடுருவித் தெரியும். ஒருவன் கடலில் மூழ்கிச் சாக, அந்த வண்டி அலைமேல் உருண்டு போய் அவனைத் தூக்கிவரும். ஒரே ஃபிலிமைத் திரும்ப ஓட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து எடுத்திருக்கிறார்கள். கையால் சுழற்றுகிற கேமராவில் ஒவ்வொரு முறையும் வேகம் பிசகாமல் இதைச் செய்திருக்கிறார்கள் என்று நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது.

அத்தை அந்த வண்டிக்கெல்லாம் அசரவில்லை. நாயகன் டேவிட் ஹோம் பெருங்குடிகாரன், காசநோய்க்காரன். குழந்தைகள் பக்கத்தில் வேண்டுமென்றே இருமுகிறவன். மனைவி அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் குழந்தைகளைக் கிளப்பப் பார்க்கிறாள். அவன் கோடாலி எடுத்துக் கதவைப் பிளக்கிறான். பலகை ஒவ்வொன்றாகச் சிதறுகிறது. அத்தை பாயில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வண்டியில வரதா பேயி? குடிச்சிட்டு வரானே, இவந்தாண்டா பேயி.” அதற்கப்புறம் படம் முடியும்வரை பேச்சே இல்லை. எங்கள் ஊர்ப் பக்கம் ராத்திரி கதவு தட்டும் சத்தத்துக்குப் பயந்து வாழ்ந்த பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்கு இந்தக் காட்சிக்குப் பொழிப்புரை தேவையில்லை. நூறு வருஷம் கழித்து, மொழி தெரியாமல், பேச்சே இல்லாமல் ஒரு காட்சி இப்படி வேலை செய்தால் அதற்கு மேல் என்ன வேண்டும்? பத்துக்குப் பத்து.

‘தி ஃபேண்டம் ஆஃப் தி ஆபரா’ (1925) ஒரு காட்சிக்காகவே 7. முகமூடிக்காரனாக நடித்த லோன் சேனியின் அப்பா அம்மா இருவருமே காது கேளாதவர்கள். முகத்தாலும் கையாலும் பேசியே வளர்ந்தவர். தன் மேக்கப்பையும் தானே போட்டுக்கொள்வார். முகமூடிக்காரன் ஆர்கன் என்ற இசைக்கருவியை வாசித்துக்கொண்டிருக்கும்போது நாயகி பின்னாலிருந்து முகமூடியைப் பிடுங்குவாள். முகம் நம்மைப் பார்த்து இருப்பதால் அவளுக்கு முன்னால் நாம் பார்த்துவிடுகிறோம். அவன் திரும்பிய பிறகுதான் அவள் பார்க்கிறாள். அந்த இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. மற்றபடி படம் சுமார்.

1931-க்கு வருவோம். பெலா லுகோசி நடித்த ‘டிராகுலா’வைப் பெரிய பேருக்காகப் பார்க்கலாம், 6 மார்க். டைட்டிலைத் தாண்டினால் பின்னணி இசை என்று கிட்டத்தட்ட ஒன்றும் கிடையாது; எங்கள் வீட்டு டேபிள் ஃபேன் சத்தம்தான் அதைவிடத் திகிலாக இருந்தது. அதே செட்டில், ஆங்கிலக் குழு வீட்டுக்குப் போன பிறகு, ராத்திரி ராத்திரியாக வேறொரு குழு ஸ்பானிஷ் மொழியில் எடுத்த டிராகுலா ஒன்று உண்டு. கேமரா அதில் இன்னும் உயிரோடு நகர்கிறது. அதற்கு 7.

ஆனால் அதே வருஷம் ஜேம்ஸ் வேல் இயக்கிய ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ வேறு ரகம். ஆரம்ப டைட்டிலில் பூதமாக நடித்தவர் பெயருக்குப் பதில் ஒரு கேள்விக்குறிதான் இருக்கும். கூத்தில் திரை வருகை என்று ஒன்று உண்டே, இரண்டு பேர் துணியைப் பிடித்துக்கொள்ள, வேஷக்காரர் பின்னால் பாடி ஆடி, சலங்கைச் சத்தத்தைக் காட்டி, கிரீடத்தைக் காட்டி, கடைசியில்தானே முகத்தைக் காட்டுவார்? பூதமாக போரிஸ் கார்லாஃப் வருவதும் அப்படித்தான். முதலில் காலடிச் சத்தம். கதவு திறந்தால் முதுகு. மெல்லத் திரும்புகிறார். கேமரா வெட்டி வெட்டி நெருங்குகிறது, கடைசியில் பாதி மூடிய இமைகள். கொஞ்ச நேரம் கழித்து மேல்கூரையைத் திறந்து வெளிச்சம் விடும்போது அந்தப் பூதம் இரண்டு கையையும் நீட்டி வெளிச்சத்தைப் பிடிக்கப் பார்க்கும். அங்கே பயம் போய்ப் பரிதாபம் வந்துவிடும். மொத்தமே 70 நிமிடம். 9 மார்க்.

‘டாக்டர் ஜெகில் அண்ட் மிஸ்டர் ஹைட்’ (1931), ரூபன் மமூலியன் இயக்கம். டாக்டர் ஜெகில் கொடியவன் ஹைடாக மாறும் இடத்தில், வெட்டே இல்லாமல் ஃபிரெட்ரிக் மார்ச்சின் முகம் கண்ணெதிரில் கறுத்துக் கோடு விழும். சிவப்புச் சாயத்தில் மேக்கப் போட்டு, லென்ஸ் முன்னால் சிவப்பு ஃபில்டர் வைத்தால் கறுப்பு வெள்ளையில் அந்தச் சாயம் தெரியாது. ஃபில்டரை மெல்ல மாற்றினால் கோடெல்லாம் கருமையாக எழுந்து வரும். கம்ப்யூட்டர் இல்லாத காலத்து மூளை. மார்ச்சுக்கு ஆஸ்கர் கிடைத்தது. 8.

கார்ல் டிரையரின் ‘வாம்பைர்’ (1932): லென்ஸ் முன்னால் மெல்லிய வலைத்துணி கட்டி எடுத்த காட்சிகள், உடம்பை விட்டுத் தனியாக நடமாடும் நிழல், சவப்பெட்டியின் கண்ணாடி வழியே பிணம் பார்க்கும் வானமும் மரக்கிளைகளும். எனக்கு 9. பையன் தூங்கிவிட்டான், அவன் மார்க் 3.

கொஞ்சம் தள்ளி 1942-ல் வந்த ‘கேட் பீப்பிள்’. ஆளில்லாத ராத்திரிச் சாலையில் ஒருத்தி நடக்கிறாள், பின்னால், சிறுத்தையாக மாறக்கூடிய இன்னொருத்தியின் செருப்புச் சத்தம். அது திடீரென்று நின்றுவிடுகிறது. அப்போது உஸ்ஸென்று பாய்வது சிறுத்தை இல்லை, பஸ்ஸின் பிரேக்! திடீரெனத் தூக்கிவாரிப் போடவைக்கும் இன்றைய ‘ஜம்ப் ஸ்கேர்’ காட்சிகளுக்கெல்லாம் பாட்டி இந்தப் பஸ்தான். 8.

மார்க் போட முடியாத படம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியாவின் முதல் பேசாப் படமான ‘கீசக வதம்’ எடுத்த ஆர். நடராஜ முதலியார் நம்ம வேலூரில் பிறந்தவர், மோட்டார் உதிரி பாக வியாபாரி. 1910களின் கடைசியில் சென்னையில் வைத்து எடுத்தார். பேய்ப் படம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் கதையை யோசியுங்கள்: நள்ளிரவு, இருண்ட நடன மண்டபம், திரௌபதி காத்திருக்கிறாள் என்று நம்பி ஆசையோடு வரும் கீசகன், இருட்டில் அவன் கை தொடுவது பீமனை. லோன் சேனிக்கே கொடுக்கலாம் இந்தக் காட்சியை. அதை முதலியார் எப்படி எடுத்தார், இருட்டை எப்படிக் காட்டினார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. அவர் எடுத்த படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

தொடங்குவதற்கு ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ நல்லது. பேசும் படம், சின்னது, எந்தப் பிரதியிலும் கெடாது. அடுத்து ‘கேட் பீப்பிள்’. பிறகு பேசாப் படங்களுக்குப் போங்கள், காலிகாரியை முதலில் வையுங்கள். வீட்டில் குட்டிப் பிள்ளைகள் இருந்தால் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ ஏரிக்கரைக் காட்சியை மட்டும் நீங்கள் முன்கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள், அதில் ஒரு சின்னப் பெண் இறந்துபோகிறாள். ‘தி ஃபேண்டம் கேரேஜ்’ பெரியவர்களுக்கான படம். அதை உங்கள் அம்மாவோடோ அத்தையோடோ பாருங்கள்.