ஓடிபி யார் போனுக்கு வருகிறது?

கேள்வி: வியாசர்பாடியில் மாலை நேரப் படிப்பு மையம் நடத்துகிறோம். பதிவு பெற்ற அறக்கட்டளை. அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்கு தரும் 12ஏ, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி இரண்டும் இருக்கின்றன. இணையதளம், சொந்தப் பெயரில் மெயில், நன்கொடைக் கணக்குக்கு ஒரு சாஃப்ட்வேர் எல்லாம் சேர்த்து 65,000 ரூபாய், அப்புறம் வருடம் 18,000 ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம்) என்கிறார் ஒருவர். இது இல்லாவிட்டால் 80ஜி ரத்தாகிவிடும் என்றும் சொல்கிறார். கொடுக்கலாமா?

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். சாஃப்ட்வேர் வாங்கவில்லை என்பதற்காக யாருடைய 80ஜியும் ரத்தாகாது. யார் கொடுத்தார், எவ்வளவு, பான் எண் என்ன என்ற விவரத்தை 10பிடி படிவத்தில் மே 31-க்குள் ஏற்ற வேண்டும், அதற்குச் சாஃப்ட்வேர் தேவையில்லை. தாமதமானால் நாளுக்கு 200 ரூபாய் கட்டணம். விவரங்களை நிரப்பும் தாளை வருமான வரி போர்ட்டலிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம், எக்செல்லில் திறக்கும். ரசீது எழுதும் அன்றே ஒரு வரி ஏற்றிவந்தால் மே மாதம் அரை நாள் வேலை. உங்கள் அளவு மையத்துக்கு இது போதும்.

மெயிலுக்கும் பணம் வேண்டாம். லாப நோக்கமற்ற அமைப்புகளுக்குக் கூகுள் தன் அலுவலக மெயில் வசதியை இலவசமாகத் தருகிறது. பதிவு ஆவணங்களைச் சரிபார்ப்பார்கள். இங்கே ஒரு விஷயத்தை விளக்கியே ஆகவேண்டும், உங்களைப் போன்றவர்கள் தடுக்கி விழுவது இதில்தான். பள்ளி, மருத்துவமனை, அரசு அமைப்பு ஆகியவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. நீங்கள் பள்ளி அல்ல. மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் அறக்கட்டளை. ஆனால் விண்ணப்பத்தில் உங்களைக் ‘கல்வி நிறுவனம்’ என்று குறிப்பிட்டால் பள்ளி என்று எடுத்துக்கொண்டு நிராகரிக்கக்கூடும். மையத்தின் பெயரில் ‘வித்யாலயா’, ‘பாடசாலை’ என்று இருந்தாலும் சந்தேகம் வரலாம். அறக்கட்டளைப் பத்திரத்தில் உள்ள பெயரை அப்படியே போடுங்கள். செயல்பாடு பற்றிக் கேட்டால் ஏழைக் குழந்தைகளுக்கான சமூக சேவை என்று தெளிவாக எழுதுங்கள். அதே அறக்கட்டளை அங்கீகாரம் பெற்ற பள்ளியும் நடத்தினால் கதை வேறு. அந்தப் பள்ளிக்குக் கல்வி நிறுவனங்களுக்கான தனித் திட்டம் இருக்கிறது, அதில் கேட்க வேண்டும்.

உண்மையான ஆபத்து 65,000 ரூபாயில் இல்லை. டொமைன், அதாவது உங்கள் இணையதளத்துக்கும் மெயிலுக்குமான முகவரிப் பெயர், யார் பெயரில் வாங்கப்படுகிறது என்பதில் இருக்கிறது. பல அமைப்புகளில் வெண்டர் தன் கணக்கில்தான் வாங்கி வைத்திருப்பார். வருடத்துக்கு ஆயிரம் ரூபாயை ஒட்டிய செலவு, ஆனால் பூட்டும் சாவியும் அவர் கையில். ஏஎம்சியை நிறுத்தினால் இணையதளமும் நிற்கும், மெயிலும் நிற்கும். அதனால் டொமைனை அறக்கட்டளையின் மெயிலில், அறக்கட்டளையின் பணத்தில் நீங்களே வாங்குங்கள். வேலை செய்யும் அனுமதியை மட்டும் அவருக்குக் கொடுங்கள்.

வருமான வரி போர்ட்டலிலும் இதே கதைதான். வடசென்னையில் ஒரு முதியோர் இல்லத்தில் பார்த்தேன். பாஸ்வேர்டு தினசரி காலண்டர் அட்டையின் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது. உள்ளே நுழைய முயன்றால் ஓடிபி, எப்போதோ வேலையை விட்டுப்போன ஆடிட்டர் ஆபீஸ் பையன் போனுக்குப் போகிறது. அவர் நம்பரும் மாறிவிட்டது. போர்ட்டலில் பதிந்திருந்த மெயிலும் ஆடிட்டர் ஆபீஸுடையது. துறையிலிருந்து வந்த கடிதம் ஒன்றைக்கூட இல்லத்தில் யாரும் பார்த்ததில்லை. ஆடிட்டர் நல்லவராகவே இருக்கட்டும், போன் நம்பர் உங்களுடையதாக இருக்கவேண்டும். ஒரே ஆளின் சொந்த நம்பரும் வேண்டாம். அறக்கட்டளைக்கென்று ஒரு சிம் வாங்கி, பீரோவில் பத்திரத்தோடு ஒரு சாதாரண போனில் வையுங்கள். ரீசார்ஜ் தேதி தவறக்கூடாது.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதுதான். கம்பெனிகள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சிஎஸ்ஆர் பணத்தில் கம்ப்யூட்டர் தர ஆள் உண்டு, அதைப் பழுதுபார்க்க வருபவருக்குச் சம்பளம் தர ஆள் இல்லை. கம்பெனிகள் கழித்துக்கட்டும் பழைய கம்ப்யூட்டர்களை உங்கள் தலையில் கட்டுகிறார்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றது. பழைய மெஷின்களில் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக, மத்திய அரசின் கணினி ஆய்வு மையமான சி-டாக்கின் சென்னைக் கிளையில் உருவான பாஸ் லினக்ஸை இலவசமாகப் போடலாம். ஆனால் யார் போடுவது? நன்கொடை தருபவர்கள் ஆளுக்கொரு படிவம் கேட்பார்கள், அதை நிரப்பித்தர ஒருவரைத் தாருங்கள் என்றால் ‘அது நிர்வாகச் செலவு’ என்று அடித்துவிடுவார்கள். இத்தனை பெரிய நகரத்தில் தொண்டு நிறுவனங்கள் போன் செய்து கேட்கப் பொதுவாக ஒரு நம்பர் வேண்டாமா?

அது வரும்வரை காத்திருக்க முடியாது. பெரம்பூர், கொளத்தூர், தண்டையார்பேட்டைப் பக்கம் உங்களைப் போன்ற நான்கைந்து அமைப்புகளைக் கூப்பிட்டுப் பேசுங்கள். ஆளுக்கு மாதம் 3,000 ரூபாய் போட்டால் ஐந்து பேருக்கு 15,000 ஆகிறது. டிப்ளமோ முடித்த ஒரு பெண்ணோ பையனோ பகுதி நேரமாக வாரம் ஒரு நாள் ஒரு மையத்துக்கு வந்துபோகலாம். பேக்கப் எடுப்பது, அப்டேட் போடுவது, 10பிடி தாளைச் சரிபார்ப்பது எல்லாம் அவர் வேலை. நீங்கள் மட்டும் கட்டப்போகும் 18,000, அவருக்கு உங்கள் பங்காக ஆறு மாதம் வரும். வருடத்துக்கு இரட்டிப்பாகும்தான், ஆனால் ஏஎம்சிக்காரர் உங்கள் மையத்துக்கு வாராவாரம் வந்து உட்காரப்போவதில்லை.

இணையதளம் வேண்டுமென்றால் அதற்கு மட்டும் தனியாக விலை கேளுங்கள். நான்கு பக்கம் போதும். டொமைன் உங்கள் கணக்கில் வந்து, நீங்களே ஒருமுறை லாகின் செய்து பார்த்த பிறகுதான் முன்பணம். ‘அதெல்லாம் நாங்களே பார்த்துக்குறோம் சார்’ என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.