அடித்தது நான், புள்ளி எங்கே?

கேள்வி: வார இறுதியில் நாங்கள் நான்கு பேர் நின்டெண்டோ ஸ்விட்சில் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் அல்டிமேட்' ஆடுகிறோம்; எதிரியை அடித்து மேடைக்கு வெளியே எறியும் சண்டை கேம். ஆடுவது டைம் முறையில், அதாவது குறித்த நேரம் முடியும்போது அதிகப் புள்ளி வைத்திருப்பவர் வெற்றி. நான் ஒருவனை 120 சதவீதம் வரை அடித்து வைத்தால், வேறொருவன் வந்து ஒரே தட்டில் புள்ளியை அள்ளிக்கொண்டு போகிறான். சில சமயம் அடிவாங்கியவனே மேடைக்குத் திரும்பி வந்து, அப்புறம் வேண்டுமென்றே பள்ளத்தில் குதித்துவிடுகிறான். எனக்கு ஒன்றும் வருவதில்லை. கேம் எப்படித்தான் கணக்குப் போடுகிறது?

பதில்: அந்த 120 சதவீதத்தை உங்கள் உழைப்பின் கணக்காக நினைக்கிறீர்கள். கேமைப் பொறுத்தவரை அது, அடுத்த அடி விழுந்தால் ஆள் எவ்வளவு தூரம் பறப்பான் என்பதற்கான எண். யார் எவ்வளவு சேர்த்தார்கள் என்று பார்த்துப் பங்கு பிரிக்கும் வழக்கம் இந்த விளையாட்டில் இல்லை. ஒருவர் திரையின் எல்லையைத் தாண்டும்போது கேம் கேட்பது ஒரே கேள்விதான்: இவரைக் கடைசியாக அடித்தது யார்? அவருக்கே முழு நாக்அவுட். சாமஸ் என்ற பாத்திரத்தை வைத்து நீங்கள் சுட்ட சார்ஜ் ஷாட் என்ற குண்டை, ஃபாக்ஸ் என்ற பாத்திரம் எறிவதைத் திருப்பி அனுப்பும் தன் ரிஃப்ளெக்டரால் திருப்பிவிட்டால், அந்தக் குண்டே ஃபாக்ஸுடையதாகிவிடும். அது யாரைத் தூக்கி எறிந்தாலும் புள்ளி ஃபாக்ஸுக்கு.

ஆனால் அந்தக் 'கடைசி அடி' நினைவு நிரந்தரம் இல்லை. அடிவாங்கியவர் மேடையில் இறங்கி, காலூன்றிச் சற்று நேரம் நின்றால் அது அழிந்துவிடும். உங்கள் அடியில் பறந்தவர் திரும்பி வர முயன்று, தாவலைத் தவறாகச் செலவழித்துத் தானே விழுந்தாலும் நாக்அவுட் உங்களுடையதுதான். அவர் ஒழுங்காகத் திரும்பி வந்து, நிதானமாக நின்றுவிட்டு அப்புறம் விழுந்தால் அது செல்ஃப் டிஸ்ட்ரக்ட், அதாவது தானே விழுந்தது, சுருக்கமாக எஸ்.டி. அவருக்கு ஒரு புள்ளி குறையும், யாருக்கும் ஏறாது. கபடியில் ஆடுகிறவர் தானாகக் கோட்டைத் தாண்டினாலும் எதிரணிக்குப் புள்ளி உண்டு. இங்கே அந்தத் தயவு கிடையாது.

சரி, உங்கள் நண்பர் ஏன் குதிக்கிறார்? ஆள் கெட்டிக்காரர். டைம் முறையில் நாக்அவுட்டுக்கு ஒன்று கூடும், விழுந்தால் ஒன்று குறையும். நீங்கள் அவரை வீழ்த்தினால் அவருக்கு மைனஸ் ஒன்று, உங்களுக்குப் பிளஸ் ஒன்று. இருவருக்கும் இடையே இரண்டு புள்ளி வித்தியாசம். அவரே குதித்தால் வித்தியாசம் ஒன்றோடு நிற்கும். போதாக்குறைக்கு 120 சதவீதம் பூஜ்யமாகி, புதிதாகத் தொடங்குகிறார். எப்படியும் அடுத்த அடியில் போகப்போகிற உயிர்தானே, அதை உங்களுக்குக் கொடுப்பானேன் என்ற கணக்கு. இது விதிமீறல் இல்லை. ஆனால் மாலை முழுக்க இதையே செய்தால் கூட ஆடுகிறவர்களுக்கு எரிச்சல்தான்.

இது புதிய தந்திரமும் அல்ல. 2001-இல் நின்டெண்டோவின் கேம்கியூபுக்கு வந்த, இதே வரிசையின் முந்தைய கேமான 'மெலீ'யின் கூடுதல் விதிகளில் எஸ்.டி.க்கான தண்டனையை மாற்றும் வசதி இருந்தது. அதை மைனஸ் இரண்டாக்கினால் குதிப்பவருக்கு உங்களோடு ஒப்பிட்டால் லாபமில்லை. மற்ற இருவரோடு ஒப்பிட்டால் ஒரு புள்ளி கூடுதல் நஷ்டம்.

அல்டிமேட்டில் நான் சொல்லும் மருந்து, டைமை விட்டு, புள்ளிக்குப் பதில் மிச்சமிருக்கும் உயிர்களைக் கணக்கிடும் ஸ்டாக் முறைக்கு மாறுவது. ஆளுக்கு மூன்று உயிர், ஏழு நிமிடம். போட்டிகளிலும் பெரும்பாலும் இந்த அளவுதான். அங்கே யார் வீழ்த்தினார் என்பது முடிவுத் திரையின் புள்ளிவிவரத்தோடு சரி. குதித்தாலும் ஓர் உயிர், அடிபட்டுப் போனாலும் ஓர் உயிர். புள்ளி திருட்டு என்ற பேச்சே எழாது. விதித் தொகுப்பை ஒரு பெயர் வைத்துச் சேமித்துக்கொள்ளலாம், ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டாம்.

நான்கு பேர் கூத்துக்கு டைம்தான் வேண்டும் என்றால் ஆட்டத்தைக் கொஞ்சம் மாற்றுங்கள். ஒருவர் நூறைத் தாண்டியதும் அவரைப் பறக்கவிட்டு நின்ற இடத்தில் வேடிக்கை பார்க்காதீர்கள். திரும்பி வரும் வழியிலேயே இன்னோர் அடி கொடுங்கள், அவர் காலூன்ற இடம் கொடுக்காதீர்கள். விளிம்பை நீங்கள் முந்திப் பிடித்துக்கொள்வது அடியாகாது; கை பட வேண்டும், அல்லது எறிந்தது ஏதாவது பட வேண்டும். அதையும் மீறி அவர் காலூன்றிவிட்டுக் குதித்தால், கீழே போகும்போது மாரியோவின் தீப்பந்து ஒன்று பட்டாலும் போதும். குதித்தது அவராக இருந்தாலும் கடைசி அடி உங்களுடையது, புள்ளியும் உங்களுக்கு.