நெடுந்தூரக் குதிரைப் பயணம்: வாங்குவோர் கேள்வி-பதில்

கே: மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய தலைக்கவசத்தையே நெடுந்தூரக் குதிரைச் சவாரிக்கும் அணியலாமா? (லாஸ்பேட்டை வாசகர்)

ப: கூடாது. ஐ.எஸ். 4151 என்னும் இந்தியத் தர முத்திரை இருசக்கர வாகனத்துக்கானது. குதிரைச் சவாரிக்கென ஈ.என். 1384 என்னும் ஐரோப்பியத் தரம் போன்ற தனித் தரங்கள் இருக்கின்றன.

கே: பயணத்துக்காக 18,000 ரூபாய்க்குப் புதிய சேணம் வாங்கினேன். இரண்டாம் நாளே குதிரையின் முதுகில் புண். உள்ளே மரச்சட்டம் முறிந்திருப்பதைச் சேணம் தைப்பவர் பிரித்துக் காட்டினார். கடைக்காரரோ, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று அச்சிட்ட துண்டுச் சீட்டைக் காட்டுகிறார், பில்லும் தரவில்லை. (வில்லியனூர் வாசகர்)

ப: உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. அந்த ஒற்றை வரியை அச்சிட்டுவிட்டால் சட்டமே தம்மை அணுகாது என்று நம்பும் கடைகளைப் பல ஆண்டுகளாகக் கண்டு மனம் கொதிக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தராமலிருப்பதும், குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைகள். துண்டுச் சீட்டையும் பணம் செலுத்திய சான்றையும் பத்திரப்படுத்துங்கள். புண்ணைப் படமெடுத்து, கால்நடை மருத்துவரிடம் எழுத்தில் அறிக்கை பெறுங்கள். கடைக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பிவிட்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அதற்கும் மசியாவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை.

அடுத்த சேணத்தை வாங்கும்போது, அதன் முன்மேட்டை வயிற்றில் அண்டக் கொடுத்துப் பின்மேட்டை இரு கைகளாலும் உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள். உள்ளிருக்கும் மரச்சட்டம் முறிந்திருந்தால் சேணம் நடுவில் தளர்ந்து மடங்கி, இருக்கைத் தோலில் சுருக்கம் விழும். பின்னர் விரிப்பில்லாமல் குதிரை மேல் வைத்து, கழுத்து முடியும் மேட்டுக்கும் சேணத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் நுழைகின்றனவா என்றும் பார்க்க வேண்டும்.

கே: அந்தியூர் ஆடிச் சந்தையில் மலிவாகக் கிடைத்ததால் மருத்துவரிடம் காட்டாமலேயே குதிரை வாங்கிவிட்டேன். சவாரி செய்தே கடலூர் வந்து சேரலாமா? (திருப்பாதிரிப்புலியூர் வாசகர்)

ப: பணத்தைக் கொடுத்த பிறகு கேட்கிறீர்கள். கிளாண்டர்ஸ் என்னும் தொற்று குதிரையிடமிருந்து மனிதருக்கும் பரவி உயிரைப் பறிக்கக்கூடியது. அதற்கான இரத்தப் பரிசோதனை முடியும் வரை அதை மற்றக் குதிரைகளோடு கட்டாதீர்கள், சவாரியும் வேண்டாம். வண்டியில் ஏற்றி வருவதற்கும் மருத்துவரின் தகுதிச் சான்று தேவை. சோதனையில் தேறினால் குதிரைக்கும் உங்களுக்கும் டெட்டனஸ் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். தார்ச்சாலை லாடத்தை விரைவில் தேய்த்துவிடும் என்பதால் லாடம் அடிப்பவரை வழியிலேயே ஏற்பாடு செய்து வையுங்கள். வெயிலில் நடக்கும் குதிரை நாளொன்றுக்கு 40 லிட்டருக்கு மேலும் தண்ணீர் குடிக்கும். அது எந்தெந்த ஊரில் கிடைக்கும் என்று விசாரிக்காமல் புறப்படுவது வாயில்லாச் சீவனுக்குச் செய்யும் கொடுமை.

கே: சவாரிக்கு ஸ்போர்ட்ஸ் ஷூ போதாதா? (நெல்லிக்குப்பம் வாசகர்)

ப: போதாது. குதிகால் இல்லாத காலணி, சேணத்திலிருந்து தொங்கும் கால் வளையமான அங்கவடிக்குள் முழுதும் நுழைந்து சிக்கினால், விழுந்தவரைக் குதிரை இழுத்துக்கொண்டு ஓடும். ஏறத்தாழ ஓர் அங்குலக் குதிகால் உள்ளதாக வாங்குங்கள்.

கே: 'நீர் புகாதது' என்று விற்கப்படும் சேணப்பையை நம்பலாமா? (முத்தியால்பேட்டை வாசகர்)

ப: நான் வாங்கியதில் அந்தச் சொற்கள் பெரிய எழுத்தில் இருந்தன, ஐப்பசி மழையில் தையல் வழியே நீர் இறங்கி, உள்ளிருந்த பஞ்சும் கட்டுத்துணியும் பயனற்றுப் போயின. கடையிலேயே ஒரு குவளைத் தண்ணீரைத் தையல் மேல் ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வாங்காதீர்கள்.