கொழும்பு வேலைக்குத் தென்காசியில் ரூபாய் வாங்கலாமா?

அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் இருந்து கொழும்புக் கடைக்கு வெப்சைட் செய்த காசை, தென்காசியில் இருக்கும் கடைக்காரரின் மச்சான் கையில் ரூபாயாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்காதீர்கள். ஃபெமா என்னும் அந்நியச் செலாவணிச் சட்டச் சிக்கல் ஒருபக்கம்; அந்தப் பணம் சேவை ஏற்றுமதி வரவாகவும் நிற்காது. ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 18 சதவீதம் உங்கள் தலையில்தான்.

இலங்கையில் 2024 முதல் யுபிஐ ஓடுகிறதே என்றால், அது நம்மாட்கள் அங்கே கடையில் காசு கொடுக்க. அங்கிருந்து உங்களுக்கு அனுப்ப அல்ல.

கடையின் வங்கிக் கணக்கில் இருந்தே ஸ்விஃப்ட் (வெளிநாட்டு வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் வழி) வழியாக டாலரில் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வங்கியில் நோக்கக் குறியீடு (எதற்காக வந்த பணம் என்று காட்டும் எண்) பி0802, அதாவது மென்பொருள் சேவை என்று எழுதிக் கொடுத்து, வரவுச் சான்று வாங்கி பில்லோடு சேர்த்து வையுங்கள். குடும்பச் செலவு என்று பதிவாகிவிட்டால் மாற்றுவதற்குள் செருப்பு தேயும்.

ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு இருந்தால், பில் போடுமுன் ஆர்எஃப்டி-11 படிவத்தில் எல்யூடி, அதாவது வரி கட்டாமல் ஏற்றுமதி செய்வதற்கான உறுதிமொழிக் கடிதம் கொடுத்துவிடுங்கள். அது அந்த நிதியாண்டுக்கு மட்டுமே. ஏப்ரலில் மறுபடி போடணும்.