அந்த வீடியோவில் சொன்னது என் கதையா?

இத்தனை வருடம் உங்கள் மனக்குறைகளைக் கேட்டுப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, எங்கள் ஆட்கள், அதாவது என்னைப் போன்ற உளவியலாளர்கள், கேமரா முன்னால் செய்வதைப் பற்றியே இருக்கின்றன. சரி, நியாயமான கேள்விகள்தான்.

கேள்வி: எட்டு மாதமாக ஓர் உளவியலாளரிடம் கவுன்சலிங் போகிறேன். அவர் யூடியூபில் பிரபலம். போன மாதம் ஒரு வீடியோவில், "என்னிடம் வந்த ஒரு பெண், அம்மா இறந்து ஒரு வருடமாகியும் அவருடைய பீரோவைத் திறக்க முடியாமல் தவித்தார்" என்று பேசினார். அது நான் அவரிடம் சொன்னது. பெயரும் ஊரும் சொல்லவில்லைதான், ஆனாலும் உடம்பு கூசிப்போனது. நான்தான் பெரிதுபடுத்துகிறேனா? (பெயர் வேண்டாம்)

பதில்: இல்லை. உங்கள் கூச்சத்துக்குக் காரணம் இருக்கிறது.

ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பொதுவாகச் சொல்லப்படும் எதிலும் நம்மைக் காண்பது மனித சுபாவம். 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேரிடம் ஒரு தேர்வு வைத்து, "இது உன் குணத்தைப் பற்றிய முடிவு" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள்! அதிலிருந்த வாக்கியங்களில் பெரும்பாலானவை கடையில் விற்கும் சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை.

எனக்கே இப்படி நடந்தது. வானொலி நிகழ்ச்சி ஒன்றில், இறந்துபோன கணவரின் பழைய குறுஞ்செய்திகளை இரவெல்லாம் படிக்கும் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசினேன். பலர் சொன்னதை ஒட்டி நானே கட்டிய கதை அது. அடுத்த வாரம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் நாற்காலியில் உட்காராமலே, "அது நான்தானே மேடம்?" என்றார். அவர் அப்படிச் செய்கிறவர் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். விளக்கினேன். தலையை ஆட்டினார். ஆனால் அதற்கடுத்த மூன்று சந்திப்புகளிலும் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து நிறுத்துப் பேசினார். 'இது எங்கே போகும்' என்ற கணக்கு அவருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. நான் எதையும் வெளியில் சொல்லவில்லை, இருந்தும் அவர் என்னை நம்பிப் பேசுவது நின்றுபோனது. அன்றிலிருந்து மைக் முன்னால் எந்த உதாரணம் சொன்னாலும், "இது நானே கட்டியது" என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவாரஸ்யம் கொஞ்சம் குறையும். குறையட்டும்.

உங்கள் விஷயத்தில் பீரோ என்பது தற்செயலாகவும் இருக்கலாம், உங்களுடையதாகவும் இருக்கலாம். அதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த சந்திப்பின் தொடக்கத்திலேயே கேளுங்கள், கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒத்திப்போடாதீர்கள். "அந்த வீடியோவில் சொன்னது என் விஷயமா?" என்பது போதும். உங்களுடையதுதான் என்றால் அவர் செய்ய வேண்டியது வீடியோவை எடுத்துவிட்டு வருத்தம் தெரிவிப்பது. "பெயர் சொல்லவில்லையே" என்று வாதாடினால் வேறு ஆளைப் பாருங்கள். பெயரை எடுத்துவிட்டால் மட்டும் ஆள் மறைந்துவிட மாட்டார், உங்கள் அக்காவுக்கு அந்தப் பீரோ ஒன்றே போதும். அமெரிக்க உளவியல் சங்கத்தின் நெறிமுறை, ஆளை அடையாளம் தெரியாதபடி மறைக்க வேண்டும், இல்லையென்றால் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிறது. ஒப்புதலிலும் சிக்கல் உண்டு. பாதி வழியில் தன்னை நம்பி நிற்பவரிடம் "உங்கள் கதையைச் சொல்லட்டுமா?" என்று கேட்டால் எப்படி மாட்டேன் என்பார்? சிகிச்சையில் இருப்பவரிடம் பாராட்டு வீடியோ கேட்கக் கூடாது என்று அதே நெறிமுறை தனியாகச் சொல்வதும் இதனால்தான்.

கேள்வி: நான் உளவியலாளர், தொழிலுக்கு வந்து மூன்று வருடம். ரீல்ஸ் போட ஆரம்பித்தேன். என்னிடம் சிகிச்சையில் இருக்கும் ஒருவர் ஃபாலோ ரெக்வஸ்ட் அனுப்பியிருக்கிறார். இன்பாக்ஸில் நடுராத்திரியில் முன்பின் தெரியாதவர்கள் தங்கள் பிரச்சினையைக் கொட்டுகிறார்கள். என்ன செய்வது மேடம்?

பதில்: தம்பி, இரண்டு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தொழில் கணக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நீங்கள் திரும்பி ஃபாலோ செய்யாதீர்கள். குடும்பப் படம் இருக்கும் கணக்கில் சிகிச்சைக்கு வருகிறவர்கள் வேண்டாம். இதை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிட்டால் ரெக்வஸ்டை ஏற்காதபோது மனம் புண்படாது. அவர்கள் என்ன போடுகிறார்கள் என்று நீங்களும் எட்டிப் பார்க்காதீர்கள்.

இன்பாக்ஸ்தான் கஷ்டம். 1956-லேயே ஹார்டன், வோல் என்ற இருவர், திரையில் தோன்றுகிறவரை நேயர் நெருங்கிய நண்பராகவே உணர்வதைப் பற்றி எழுதிவிட்டார்கள். திரையிலிருந்து மட்டும் வரும் ஒருதலை உறவு. நீங்கள் கண்ணைப் பார்த்துப் பேசுகிறீர்கள், அவரோ அதைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறார். அங்கே இரண்டு வரி அறிவுரை எழுதினால் அவர் உங்களிடம் சிகிச்சையில் இருப்பதாகவே நினைப்பார். "இங்கே தனிப்பட்ட ஆலோசனை தர இயலாது, நேரில் ஒருவரைப் பாருங்கள்" என்று நிலையான பதில் ஒன்று வையுங்கள். உயிரை விட நினைப்பதாக எழுதுகிறவர்களுக்கு அவசர உதவி எண் அதிலேயே இருக்கட்டும், சுயவிவரத்திலும் இருக்கட்டும். நீங்கள் தூங்கும்போதும் அது வேலை செய்ய வேண்டும்.

அப்புறம், அறுபது நொடியில் 'இருக்கலாம்' என்ற சொல்லுக்கு வியூஸ் வராது. அதற்காக அதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: டிவி விவாதங்களில் அரசியல்வாதிகள், குற்றம் சாட்டப்பட்டவர்களின் மனநிலையை உளவியலாளர்கள் அலசுகிறார்களே, பார்க்காமலே எப்படிச் சொல்கிறார்கள்?

பதில்: சொல்லக் கூடாது. நானும் சொல்லியிருக்கிறேன், அதனால் தெரியும். வருடங்களுக்கு முன் ஒரு நேரலையில், ஒரு வழக்கில் கைதானவரைக் காட்டி "இவர் சைக்கோபாத்தா?" என்று தொகுப்பாளர் கேட்டார். காதிலிருந்த இயர்பீஸில் "இருபது செகண்ட்" என்றது ஒரு குரல். "சில கூறுகள் தெரிகின்றன..." என்று இழுத்தேன். நான் வாக்கியத்தை முடிக்கும் முன்பே திரையின் அடியில் ஓடியது: 'சைக்கோபாத்: உளவியலாளர் உறுதி'. ஒப்பனையைத் துடைக்கும்போது அந்த 'உறுதி'யைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதரை நான் பார்த்ததே இல்லை.

இது பழைய வியாதி. 1964 அமெரிக்க அதிபர் தேர்தலில் ஃபேக்ட் என்ற பத்திரிகை, வேட்பாளர் பேரி கோல்ட்வாட்டர் மனரீதியாகத் தகுதியானவரா என்று 12,356 மனநல மருத்துவர்களுக்குக் கடிதம் போட்டது. 2,417 பேர் பதில் எழுதினார்கள். 1,189 பேர் தகுதியில்லை என்றார்கள். நோயாளியின் நாக்கைக்கூடப் பார்க்காமல்! கோல்ட்வாட்டர் தேர்தலில் தோற்றார், அவதூறு வழக்கில் ஜெயித்தார். 75,000 டாலர் தண்டத் தொகை. 1973-ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம், நேரில் பரிசோதிக்காத, ஒப்புதல் தராத ஒருவரின் மனநிலை பற்றிப் பொதுவில் கருத்துச் சொல்லக் கூடாது என்று விதி கொண்டுவந்தது. கோல்ட்வாட்டர் விதி என்றே அதற்குப் பெயர். அது மனநல மருத்துவர்களுக்கானது என்றாலும் நானும் எனக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். இப்போது சேனலிலிருந்து கூப்பிட்டால், "சைக்கோபாதி என்றால் என்ன என்று விளக்குகிறேன், இவரைப் பற்றிப் பேசமாட்டேன்" என்பேன். பாதிப் பேர் மறுபடி கூப்பிடுவதில்லை.

கேள்வி: என் மகள் (17) ரீல்ஸ் பார்த்துவிட்டுத் தனக்கு ஏடிஹெச்டி (கவனம் நிலைக்காத, துறுதுறுப்பு அடங்காத நிலை) என்கிறாள். என்ன செய்வது?

பதில்: சிரிக்காதீர்கள், உடனே நம்பவும் வேண்டாம். ஏடிஹெச்டி என்று சொல்ல, பன்னிரண்டு வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் தொடங்கியிருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று ஓரிடத்துக்கு மேல் தெரிய வேண்டும். அதை ஒரு வீடியோ சோதிக்க முடியாது, பயிற்சி பெற்ற ஒருவர் நேரில் பேசித்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வீடியோவை ஒருமுறை பாருங்கள். எந்த வரியில் 'இது நான்' என்று தோன்றியது என்று கேட்டு, அவள் சொல்வதை அவள் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பழைய மதிப்பெண் அட்டைகளில் ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகளும் கிடைத்தால் நல்லது. இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.